பள்ளி வாசலில் ஒரு கொசு

பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரிலிருந்து 100 கெஜத்துக்குள் யாரும் பீடி, சிகரெட் விற்கக் கூடாது. 2003-ல் வந்த சட்டம் இன்னும் கெஜத்தில்தான் பேசுகிறது. மீட்டரில் சுமார் 91. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். எங்கள் ஊரில் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே நிற்பவன் நான், ஹெல்த் இன்ஸ்பெக்டர். மறுமுனையோடு எங்கள் தினக்கூலிப் பணியாளரான மஸ்தூர் ஓடுவார். மூச்சு வாங்குவது அவருக்கு, ரிப்போர்ட்டில் பெயர் எனக்கு.

அப்படி அளந்ததில் ஒரு பெட்டிக்கடை எல்லைக்குள் மாட்டியது. அண்ணாச்சி தகராறு எதுவும் செய்யவில்லை. பணத்தை எடுத்து வைத்துவிட்டுச் சாவகாசமாகக் கேட்டார்: "சார், பீடி குடிச்சு ஒருத்தன் போய்ச் சேர முப்பது வருஷம் ஆகும். காலைல எட்டரைக்கு இந்த கேட்டுல நிக்கிற வண்டில ஒண்ணு பாக்காம ரிவர்ஸ் எடுத்தா முப்பது செகண்டு. அதுக்கு டேப் கிடையாதா?"

"அது போலீஸ் டிபார்ட்மெண்ட்" என்றேன், மிடுக்காக.

"சரிங்க சார். அந்த வெள்ளைக் கோட்டு மேல நிக்கிற பைக்கு எந்த டிபார்ட்மெண்ட்?"

பிள்ளைகள் சாலையைக் கடப்பதற்காகப் போட்ட வெள்ளைக் கோடு. பைக் என்னுடையது.

எங்கள் வீட்டுக்கும் அந்தப் பள்ளிக்கும் 800 மீட்டர்கூட இருக்காது. ஏழாவது படிக்கும் என் மகள் நடந்தால் பத்து நிமிஷம், அதுவும் வழியில் நாய்க்குட்டியைக் கொஞ்சினால். ஆனாலும் தினமும் பைக்கில்தான் கொண்டுபோய் விடுகிறேன். பக்கத்து வீட்டுப் பையனும் ஏறிக்கொள்வான். ஆக மொத்தம் மூன்று தலை, ஒரு ஹெல்மெட். நான்கு வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்களிடம் இருக்கும் ஒன்று கண்ணாடிக் கம்பியில் பத்திரமாகத் தொங்கும்.

ஏன் நடக்க விடவில்லை என்று கேட்டால் காரணங்கள் தயார். பை கனம், வெயில், நாய். எல்லாவற்றுக்கும் மேலே, டிராஃபிக். காலை நேரத்தில் அந்தத் தெருவில் பிள்ளை நடக்க முடியுமா? எங்கு பார்த்தாலும் வண்டி, ஹாரன், முட்டல். யார் வண்டி என்கிறீர்கள்? பிள்ளையை நடக்க விடப் பயந்த அப்பாக்களின் வண்டிதான். என்னைப் பார்த்து அவர்களும், அவர்களைப் பார்த்து நானும் பயந்துகொண்டு, எல்லோருமாகச் சேர்ந்து ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறோம். உங்கள் தெருவிலும் இதே கதைதான் என்று தெரியும், கூச்சப்படாதீர்கள்.

இத்தனைக்கும் நடைப் பயிற்சி பற்றிப் பேச எங்கள் வட்டாரத்தில் என்னைவிட்டால் ஆள் கிடையாது. 2023 நவம்பர் 4-ஆம் தேதி 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கினார்களே, அன்றைக்குக் கூட்டம் சேர்க்கும் பொறுப்பு எனக்கும் உண்டு. விடியற்காலையில் தொப்பி போட்டு, பேனரைப் பிடித்து, போட்டோவில் முன்வரிசையில் நின்றேன். போட்டோவுக்குப் பிறகு அங்கே பைக் பார்க்கிங் சரியில்லை என்று ஒரு புகாரும் சொல்லிவிட்டு வந்தேன்.

உலகச் சுகாதார தினத்தையொட்டி மகள் படிக்கும் பள்ளியிலேயே பேசக் கூப்பிட்டார்கள். 5 வயதிலிருந்து 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிஷம் நன்றாக மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதை எடுத்து முழங்கினேன். மகள் நடுவரிசையில் தலையைக் குனிந்தபடி இருந்தாள். பெருமையில் வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் பைக்கில் ஏறும்போது கேட்டாள்: "ஏம்ப்பா, வண்டில வர்ற மூணு நிமிஷத்த அந்த அறுபதுல சேத்துக்கலாமா, இல்ல கழிக்கணுமா?"

கணக்கில் அவள் அம்மா மாதிரி.

பிறகு மாவட்டத் தலைநகரில் ஒரு பயிற்சி. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. தலைப்பு 'சாலை விபத்தும் பொதுச் சுகாதாரமும்'. சாம்பார் சாதம், வத்தக்குழம்பு, பாயசம் என்று வரிசையாக உள்ளே போயிருந்த நேரம். சமூக மருத்துவத் துறை டாக்டரம்மா ஒருவர் பேச வந்தார். விபத்தில் நமக்கென்ன வேலை, அடிபட்டால் 108 வரும், 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரம் இலவசமாக வைத்தியம் பார்ப்பார்கள், அதோடு சுகாதாரத் துறை கடமை முடிந்தது என்ற தெளிவோடு கண்ணை மூடினேன். 'கொசு' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தானாகத் திறந்துகொண்டது. பதினைந்து வருஷப் பழக்கம்.

"மலேரியாவுல கிருமி ஒண்ணு, அதச் சுமந்துட்டு வர்ற கொசு ஒண்ணு, கடி வாங்குற மனுஷன் ஒருத்தன். விபத்துல கிருமி எது?" என்று கேட்டார் டாக்டரம்மா. யாருக்கும் தெரியவில்லை. வில்லியம் ஹாடன் என்ற அமெரிக்க டாக்டரைப் பற்றிச் சொன்னார். 1966-ல் அந்த நாட்டில் சாலைப் பாதுகாப்புக்கென்றே அமைத்த அரசு அமைப்புக்கு முதல் தலைவராக உட்கார்ந்தவர், போலீஸ் அதிகாரியோ இன்ஜினியரோ அல்ல, பொதுச் சுகாதாரம் படித்த டாக்டர். அவர் பார்வையில் உடம்பைச் சிதைப்பது வேகத்தோடு வந்து இறங்கும் ஆற்றல், அதுதான் கிருமி. அதைச் சுமந்து வரும் வண்டிதான் கொசு.

"கொசு வந்தா பாத்து நகந்துக்கங்கன்னு ஊர்ல யாருக்காவது சொல்றீங்களா? தண்ணிய கவுக்குறீங்க, தொட்டிய மூடுறீங்க, அபேட் மருந்து ஊத்துறீங்க. பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் 'பாத்து ரோட்ட கிராஸ் பண்ணு'ன்னு சொல்லிட்டுப் போயிடுறீங்க?"

ஹாலே தலையாட்டியது. நானும் ஆட்டினேன். என்னுடையதில் பாதி தூக்கம்.

பிறகு சொன்னவற்றில் தூக்கம் போய்விட்டது. உலகில் ஆண்டுக்கு 11.9 லட்சம் பேர் சாலையில் சாகிறார்கள். 5 வயதிலிருந்து 29 வயது வரை உள்ளவர்கள் சாவதற்கு முதல் காரணம் காய்ச்சலோ காசமோ இல்லை, சாலைதான். தமிழ்நாட்டில் மட்டும் 2022-ல் 17,884 பேர். என் வட்டாரத்தில் டெங்குவில் ஒரு சாவு என்றால் மறுநாள் காலைக்குள் நான் மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்லி, பத்திரிகைக்குப் பதில் சொல்லி, தெருவில் உள்ள அத்தனை சிரட்டையையும் கவிழ்த்திருக்க வேண்டும். சாலையில் ஒரு சாவு என்றால் 'விதி' என்று சொல்லிவிட்டு டீ குடித்திருக்கிறேன்.

வேகத்துக்கும் கணக்கு வைத்திருந்தார். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர் போகும் விபத்து 4 சதவீதம் கூடும். வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால் அது சுமக்கும் ஆற்றல் நான்கு மடங்கு. அதனால்தான் பிள்ளைகளும் வண்டிகளும் கலந்து போகும் தெருவில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். நோட்டில் என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சாதாரண நாளில் 20, லேட்டான நாளில் 40. லேட்டாகாத நாள் எது என்று யோசித்தேன். பள்ளிக்கு லீவு விட்ட நாள்.

இவ்வளவு வருஷம் கொசு ஒழிப்பில் இருந்தவன், தினமும் காலை எட்டரைக்குப் பள்ளி வாசலில் ரீங்காரத்தோடு வந்து இறங்கும் கொசு நானேதான் என்பதை அரசுச் செலவில் தெரிந்துகொண்டேன்.

ஒரு புத்திசாலித்தனமான கேள்வி கேட்டு மானத்தைக் காப்பாற்றலாம் என்று எழுந்தேன். "மேடம், எங்க ஊர்ல பள்ளிக்கூடத்துப் பக்கம் பெருசா விபத்து எதுவும் இல்லையே?" அவர் சிரித்தார். இங்கிலாந்தில் 1971-ல் 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணை இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-ல் அது 9 சதவீதம். மேயர் ஹில்மன் என்பவரும் கூட இருந்தவர்களும் செய்த ஆய்வு அது. அந்தக் காலத்தில் சாலையில் பிள்ளைகள் சாவதும் வெகுவாகக் குறைந்தது. சாலை நல்லதாகிவிட்டது என்று அரசாங்கம் மெச்சிக்கொண்டது. ஹில்மன் சொன்னது, பிள்ளைகள் சாலையிலேயே இல்லை என்று. "ஊரே கொசு வலைக்குள்ள குடித்தனம் நடத்துனா டெங்கு இருக்காதுதான். அத ஒழிச்சுட்டோம்னு ரிப்போர்ட் எழுதுவீங்களா?" என்றார் டாக்டரம்மா.

எழுதியிருக்கிறேன். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நாளையிலிருந்து பைக் கிடையாது, சைக்கிள் என்று அறிவித்தேன். அதிகம் சிரித்தது என் அம்மா. அதற்கு அவருக்கு உரிமை உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்களே, அதில் கற்றவர் அம்மா. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். அதில் ஒரு வசதியும் இருந்தது: முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம். அந்தப் பாரில் துண்டைச் சுற்றி உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளில் நானும் ஒருவன்.

"தம்பி, ஒன்னைய பார்ல வச்சு நான் ஓட்டுனப்ப ரோட்டுல ஒரு பஸ்ஸு வரும், ஒரு பஸ்ஸு போவும். இப்ப எதுத்தாப்புல பஸ்ஸு வந்தா பஸ்ஸுதான்டா ஒனக்கு ஒதுங்கணும்" என்றார், என் வயிற்றைப் பார்த்து.

எனக்கென்று சைக்கிள் இருந்ததில்லை. அரசு சைக்கிள் தருவதை 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்தார்கள். பிளஸ் ஒன் படிக்கும் எல்லோருக்கும் என்று விரிப்பதற்குள் நான் பள்ளியைவிட்டே போய்விட்டேன். பீகாரில் 2006-லிருந்து ஒன்பதாவது படிக்கும் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்ததில், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள் என்று ஓர் ஆய்வு கண்டது. ஒரு சைக்கிளால் இவ்வளவு நடக்கும் என்று படித்துவிட்டு, அக்கா மகளின் அரசு சைக்கிளை இரவல் வாங்கி வந்தேன். என்னால் நடந்தது, தெருமுனை வரை போய், பேன்ட் செயினில் மாட்டி, அண்ணாச்சி கடை முன்னால் சாய்ந்தது. "சார், இது எத்தன கெஜம்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

சரி, நடப்போம் என்று முடிவெடுத்தேன். ஜப்பானில் பல இடங்களில் அக்கம்பக்கத்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் ஒன்றுகூடி வரிசையாக நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள். பெரிய வகுப்புப் பிள்ளை முன்னால் கொடி பிடித்துப் போகும். நமது 8 கிலோமீட்டர் நடைபாதையே டோக்கியோவில் பார்த்து வந்த யோசனை என்பதால், இதையும் கொண்டுவந்துவிடலாம் என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: 'நாளை காலை 8.15, பிள்ளையார் கோயில் முனை. பிள்ளைகளை நான் பத்திரமாக நடத்திக் கூட்டிப் போகிறேன்.' கட்டைவிரல்கள் குவிந்தன. மறுநாள் முனைக்கு நான் போய்ச் சேரும்போது 8.25. ஒருவரும் இல்லை. யாருக்கும் அக்கறை இல்லாத ஊர் என்று மனதுக்குள் ஒரு கட்டுரையே எழுதினேன். அப்போதுதான் மகளைக் காணவில்லை என்று உறைத்தது.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி முன்னால், என் மகள் கடைசியில், நடுவில் பொடிசுகள் என்று எல்லோரும் எப்போதோ பள்ளிக்குள் போய்விட்டிருந்தார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நேரத்துக்குப் போய் நின்றேன். "அங்கிள், நீங்க பின்னால வாங்க. முன்னால வந்தா ஸ்லோவா இருக்கு" என்றாள் தலைவி.

பின்னால் நடந்ததில் ஒரு லாபம். பைக்கில் போகிறவன் கண்ணில் படாததெல்லாம் பட்டது. கால்வாய் மூடியில் ஒரு பலகை இல்லை. பிள்ளைகள் அந்த இடத்தில் பேசிக்கொண்டே, குனியாமல்கூட, தாண்டுகிறார்கள். நடைமேடையில் டிரான்ஸ்பார்மர், அதையொட்டி ஜல்லிக் குவியல். வளைவில் ஒரு வேன் பிள்ளைகளின் பைகளை வெளியே தொங்கவிட்டபடி உரசித் திரும்புகிறது. அந்த இடத்தில் மட்டும் பேச்சு நிற்கிறது. பொடிசுகளின் கை தானாகப் பக்கத்துக் கையைப் பிடிக்கிறது.

டாக்டரம்மா ஒரு வேலையும் கொடுத்து அனுப்பியிருந்தார். எங்கள் படிப்பில் ஜான் ஸ்னோவைத் தெரியாதவன் பாஸாக முடியாது: 1854-ல் லண்டனில் காலராச் சாவுகளை வீடு வீடாக விசாரித்து, பிராட் தெருக் குழாயடியில் கொண்டுபோய் நிறுத்தி, அந்த அடிபம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தவர், பிறகு அந்தச் சாவுகளை வரைபடத்தில் குறித்தும் காட்டியவர். அதேபோல் பள்ளிக்கு வரும் வழியைப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள், பயப்படும் இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள் என்றார். தலைமையாசிரியரிடம் கேட்டேன். ஒரு பீரியட் கொடுத்தார்.

தாள்களை வாங்கிப் புரட்டியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாளுக்குத் தாள், பெரிய கொசுப் படத்தோடு, 'டெங்குவை ஒழிப்போம்' பலகையை வரைந்திருந்தார்கள். நான் நட்ட பலகை! பள்ளிக்கு 50 அடி தள்ளி, எல்லோர் கண்ணிலும் படும்படி இடம் தேடி வைத்தது. விழிப்புணர்வு எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், அது பக்கத்துல சிவப்புப் புள்ளி வச்சிருக்காங்க" என்றார்.

பலகை நிற்பது நடைமேடையின் நட்டநடுவில். இரண்டு பக்கமும் ஒரு பிள்ளை பையோடு நுழைய இடமில்லை. அங்கே வந்ததும் எல்லோரும் சாலையில் இறங்குகிறார்கள், பலகையைச் சுற்றுகிறார்கள், மறுபடி ஏறுகிறார்கள். வேன் உரசித் திரும்பும் வளைவும் அதேதான்.

என்ன செய்யலாம்? கடிதம்தான். கால்வாய் மூடி, ஜல்லி, வேகத்தடை, நடைமேடை இடையூறு எல்லாவற்றையும் சேர்த்துப் பள்ளியின் பெயரில் நானே டிராஃப்ட் போட்டு, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். சாலை ஒருவருடையது, கால்வாய் ஒருவருடையது, கம்பம் ஒருவருடையது; கடிதம் எல்லா மேஜையையும் பார்த்தது. கால்வாய்க்கு மட்டும் புதுப் பலகை சீக்கிரமே வந்துவிட்டது, சும்மா சொல்லக் கூடாது. நடைமேடை இடையூறு பற்றிய பகுதி ஒரு நாள் தபாலில் என் மேஜைக்கே வந்தது: 'மேற்படி விளம்பரப் பலகை தங்கள் பிரிவைச் சார்ந்தது என்பதால் உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது. எடுத்த நடவடிக்கை விவரத்தை ஏழு தினங்களுக்குள் தெரிவிக்கவும்.'

என் டிராஃப்ட்தான். 'அலட்சியமாக நடப்பட்ட' என்று நானே போட்ட வார்த்தைக்கு அடியில் யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள்.

பலகையை அன்று நட்ட கொத்தனாரையே கூப்பிட்டேன். அவர் வந்து கடப்பாரையால் இரண்டு போடு போட்டார். அசையவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அன்னிக்கே சொன்னேன் சார், ரெண்டு சட்டி கலவை போதும்னு. நீங்கதான் எவனாவது புடுங்கிட்டுப் போயிடுவான்னு நின்னு நாலு சட்டி போட வச்சீங்க."

மதியம் வரை உடைத்தார். பெட்டிக்கடை அண்ணாச்சி இரண்டு டீ அனுப்பிவைத்தார். காசு வாங்கவில்லை, வேடிக்கைக்கே சரியாகிவிட்டதாம். பலகை ஒருவழியாகப் பெயர்ந்து வந்தது. மஸ்தூரும் நானும் அதைத் தூக்கிப் பள்ளிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, குழியை மூடச் சொன்னோம்.

கூலி கேட்டார். நட்டதற்கு வவுச்சர் போட்டாயிற்று. பிடுங்கியதற்கு எந்தக் கணக்கில் எழுதுவது? இந்த வருஷ ஒதுக்கீட்டில் பிள்ளை நடப்பதற்கென்று ஒரு தலைப்பும் இல்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டுக் கொத்தனார் கையைக் கழுவியபடி சொன்னார்:

"இதுல என்ன சார் யோசன? போன தடவ மாதிரி கொசு ஒழிப்புன்னே போடுங்க."